வீட்டுக்காரர் பேசினார், நான் தலையாட்டினேன்

கேள்வி: வணக்கம் டாக்டர் அம்மா. எனக்கு 39 வயது. ஆந்திராவில் நகரியில் இருக்கிறோம். வீட்டோடு விசைத்தறி. இரண்டு பிள்ளைகள், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தாயிற்று. ஒரு வருடமாகத் தீட்டு எட்டு ஒன்பது நாள் போகிறது, கட்டி கட்டியாகவும் விழுகிறது. ஸ்கேனில் 3 சென்டிமீட்டர் கட்டி, ரத்தம் 8.5 என்று வந்தது. பெரிய ஊரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் தெலுங்கில் கேட்டார். வீட்டுக்காரரும் மாமியாரும் பதில் சொன்னார்கள், நான் தலையாட்டினேன். எனக்குத் தெலுங்கு கடை கண்ணியில் பேசத்தான் வரும், உடம்பைப் பற்றிப் பேச வராது. "விட்டால் கேன்சர் ஆகிவிடும், கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்" என்று சொல்லித் தேதியும் கொடுத்துவிட்டார்கள். எனக்குச் சொல்ல வேண்டியது இன்னும் சிலது இருந்தது. மாமியார் எதிரில் வாய் வரவில்லை. திரும்பப் போய்க் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று பயமாக இருக்கிறது. எப்படிப் பேசுவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தத் தேதியைப் பற்றிப் பேசிவிடுவோம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அந்த நாளிலேயே செய்தாக வேண்டிய அவசர ஆபரேஷனாக இது தெரியவில்லை. 3 சென்டிமீட்டர் கட்டி என்பது பெரும்பாலும் ஃபைப்ராய்டு எனப்படும் நார்க்கட்டியாக இருக்கும். உங்கள் வயதில் அது மிகச் சாதாரணம். அது புற்றுநோயாக மாறுவது மிக மிக அரிது. மாதவிடாய் நின்ற பிறகு பெரும்பாலும் தானாகவே சுருங்கிவிடும். ஆனால் உங்கள் ரத்தப்போக்கைச் சும்மா விட முடியாது. ஹீமோகுளோபின் 12க்குக் குறையக் கூடாது, உங்களுக்கு 8.5. அதோடு நீங்கள் தறியில் நின்று வேலை பார்க்கிறீர்கள். வைத்தியம் கண்டிப்பாக வேண்டும். ஆபரேஷன் தேதி வரும்வரை காத்திருக்காமல் அந்த வைத்தியத்தை இப்போதே தொடங்கலாம்.

கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை என்று உங்களை நேரில் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. எடுக்க வேண்டியும் வரலாம். ஆனால் இந்த முடிவு நீங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் எடுக்கப்பட்டிருக்கிறது. இரத்தம் போவது உங்களுக்கு. எத்தனை நாள், எவ்வளவு, எப்போது, கூடவே வேறு என்ன தொந்தரவு என்பதெல்லாம் உங்களுக்கு மட்டுமே தெரியும். அது தெரியாமல் ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு எடுத்த முடிவை நான் பாதி முடிவு என்றுதான் சொல்வேன்.

நம் பக்கத்தில் இது உங்கள் ஒருவருடைய கதை இல்லை. 2019-21இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நாடு முழுவதும் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்குச் சுமார் 3 பேர் கர்ப்பப்பையை எடுத்தவர்கள். ஆந்திராவில் அது ஏறக்குறைய 9 பேர். நாட்டிலேயே அதிகமான மாநிலங்களில் ஒன்று. தேவையில்லாத கர்ப்பப்பை ஆபரேஷன்களைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022இல் வழிகாட்டு நெறிகள் கொண்டுவந்தது. எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் அவற்றை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகவே "ஏன் எடுக்க வேண்டும்?" என்று நீங்கள் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. நாட்டின் உச்ச நீதிமன்றமே கவலைப்பட்ட விஷயம் இது.

சரி, எப்படிப் பேசுவது?

டாக்டரின் நேரம் குறைவு. அதை ஒப்புக்கொண்டுதான் தொடங்க வேண்டும். 67 நாடுகளில் டாக்டர்கள் ஒரு நோயாளியோடு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று அலசிய ஒரு ஆய்வு 2017இல் வெளியானது. ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல், வங்கதேசத்தில் 48 விநாடி. நம் ஊர் ஓ.பி.யில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு நாம் எந்தப் பக்கம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் முக்கியமானதை முதலில் சொல்லிவிட வேண்டும். பெண்கள் பெரும்பாலும் தலைவலி, கைகால் அசதி என்று தொடங்குகிறார்கள். சீட்டை வாங்கிக்கொண்டு கதவு வரைக்கும் போய், திரும்பி வந்து, தணிந்த குரலில் "இன்னொண்ணு டாக்டர்..." என்கிறார்கள். அவர்கள் வந்ததே அந்த இன்னொன்றுக்காகத்தான். அதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்து உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாக அதைச் சொல்லிப் பழகுங்கள்.

சொல்வதை அளவோடு சொல்லுங்கள். தறி ஓடவில்லை என்று மட்டும் சொன்னால் மேஸ்திரி என்ன செய்வார்? எந்தப் பக்கம் நூல் அறுகிறது, எத்தனை நேரத்துக்கு ஒரு தடவை என்று சொன்னால் நேராக அந்த இடத்தில் கை வைப்பார். "ரொம்பப் போகுது டாக்டர்" என்பதை வைத்து எங்களாலும் அதிகம் செய்ய முடியாது. ஒருத்திக்கு ரொம்ப என்பது இன்னொருத்திக்குச் சாதாரணம். ஒரு நாளைக்கு எத்தனை பேடு மாற்றுகிறீர்கள், துணி என்றால் எத்தனை தடவை மாற்றுகிறீர்கள், ராத்திரி அதற்காகவே எழுந்திருக்கிறீர்களா, பாயில் கறை படுகிறதா, விழும் ரத்தக்கட்டி பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு இருக்கிறதா என்று சொல்லுங்கள். ஏழு நாளுக்கு மேல் போனாலோ, ஒரு மணி இரண்டு மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தாலோ, அந்த அளவுக் கட்டிகள் விழுந்தாலோ அது அதிக ரத்தப்போக்குதான். உங்களுக்கு எட்டு ஒன்பது நாள் என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். இது அந்த டாக்டருக்குத் தெரியுமா?

நாங்கள் கேட்கும் முதல் கேள்வி கடைசியாகத் தலைக்கு ஊற்றிக்கொண்டது எப்போது என்பதுதான். எங்களுக்கு வேண்டியது ரத்தம் பட ஆரம்பித்த முதல் நாள், நின்ற நாள் அல்ல. "ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள்" என்று சொன்னால் நான் காலண்டரைப் பார்த்துக்கொள்வேன். எல்லா டாக்டரும் பார்ப்பார் என்று சொல்ல முடியாது. வீட்டில் தொங்கும் மாதக் காலண்டரில் தொடங்கிய நாளில் ஒரு புள்ளி, நின்ற நாளில் ஒரு புள்ளி வையுங்கள். மூன்று மாதத் தாளைத் தூக்கிப் போடாமல் மடித்து எடுத்துக்கொண்டு போனால் போதும், பாதிப் பேச்சு மிச்சம்.

ஆடிக் கிருத்திகை என்றதும் இன்னொரு விஷயம். திருத்தணிக்குக் காவடி, திருப்பதிக்கு வேண்டுதல், வீட்டில் கல்யாணம் என்றால் தீட்டைத் தள்ளிப்போட மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போடுவது நம் பக்கத்தில் சகஜம். அதை மருந்தென்றே யாரும் நினைப்பதில்லை. "வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். அது ஹார்மோன் மாத்திரை. நிறுத்திய சில நாளில் ரத்தம் வரும், சிலருக்குச் சுழற்சியே கொஞ்சம் தடுமாறும். காலில் ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது. வருடத்துக்கு எத்தனை தடவை போட்டீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். சுவாமி கும்பிடத்தானே போட்டீர்கள், அதற்காக எந்த நல்ல டாக்டரும் திட்ட மாட்டார்.

மாமியார் எதிரில் சொல்ல முடியாமல் போனது என்ன என்று நீங்கள் எழுதவில்லை. என் அறையில் பெண்கள் சொல்லத் தயங்கும் விஷயங்களை வைத்து ஊகிக்கிறேன். கணவரோடு சேர்ந்த பிறகு ரத்தம் படுவது. சேரும்போது வலி. இருமினால், தும்மினால் சிறுநீர் சொட்டுவது. கீழே ஏதோ இறங்கி வருவது போல இருப்பது. நாற்றத்தோடு வெள்ளைப்படுதல். இவற்றில் எது இருந்தாலும் வைத்தியமே மாறிப்போகும். சேர்ந்த பிறகு ரத்தம் பட்டால் கர்ப்பப்பை வாயைக் கட்டாயம் பார்க்க வேண்டும், அங்கே புற்றுநோய்ப் பரிசோதனையும் செய்ய வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் ஸ்கேனில் தெரியும் கட்டியைப் பார்த்துக்கொண்டு உண்மையான காரணத்தைக் கோட்டை விடலாம். இதையெல்லாம் "உடம்பு சூடு" என்று ஒரே வார்த்தையில் மூடிவிடுகிறோம். சூடு என்று சொன்னால் டாக்டருக்கு ஒன்றும் விளங்காது. எரிகிறதா, அரிக்கிறதா, வலிக்கிறதா, எப்போது என்று சொல்லுங்கள்.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. கருவைக் கலைக்க மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு, ரத்தம் நிற்காமல் வருபவர்கள் இருக்கிறார்கள். கூட வந்தவர்கள் எதிரில் அதைச் சொல்வதில்லை. உள்ளே மிச்சம் தங்கியிருந்தால் சீழ் பிடிக்கும், உயிருக்கே ஆபத்து. டாக்டரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். கருக்கலைப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டும் போதும், கணவர் கையெழுத்து தேவையில்லை. விவரத்தை டாக்டர் வெளியே சொல்லவும் கூடாது. குடும்பக் கட்டுப்பாடு செய்தவர்களிடமும் நாங்கள் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை கேட்போம். சந்தேகப்பட்டுக் கேட்பதாக நினைக்காதீர்கள். அந்த ஆபரேஷனும் அபூர்வமாகத் தவறுவதுண்டு.

தனியாகச் சொல்ல ஒரு நல்ல சந்தர்ப்பம் இருக்கிறது. உள்பரிசோதனைக்காகத் திரைக்குப் பின்னால் கூப்பிடும்போது மாமியாரும் வீட்டுக்காரரும் வெளியே இருப்பார்கள். அப்போது சொல்லுங்கள். அது வரைக்கும் காத்திருக்க வேண்டாம் என்றால் நர்ஸிடம் "டாக்டர்கிட்ட ரெண்டு நிமிஷம் தனியா பேசணும்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அவர் உறவினர்களை வெளியே உட்காரச் சொல்வார். மாமியாருக்கு அது ஆஸ்பத்திரி வழக்கமாகத்தான் தெரியும், உங்கள் பேரில் வருத்தம் வராது. ஆண் டாக்டர் பரிசோதித்தால், உடன் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்திலேயே அது இருக்கிறது.

வீட்டுக்காரரைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. வேலையை விட்டுவிட்டுக் கூட வந்திருக்கிறார், கவலையில் பேசியிருக்கிறார். ஆனால் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்: "இந்தத் தடவை நான் பேசுறேன். நான் எதையாவது மறந்தா நீங்க ஞாபகப்படுத்துங்க. டாக்டர் சொல்றதை நீங்க எழுதிக்கோங்க." கையில் ஒரு வேலை கொடுத்துவிட்டால் பெரும்பாலான ஆண்கள் பொறுப்பாகச் செய்வார்கள். டாக்டர் அவரைப் பார்த்துக் கேட்டாலும் பதில் நீங்கள் சொல்லுங்கள். இரண்டு கேள்விக்கு நீங்கள் பதில் சொன்னால் மூன்றாவது கேள்வியை டாக்டர் உங்களைப் பார்த்தே கேட்பார்.

மொழி விஷயத்துக்கு வருகிறேன். சித்தூர், திருப்பதிப் பக்கம் வேலை பார்க்கும் டாக்டர்களில் பலருக்குத் தமிழ் ஓரளவு புரியும். "தமிழ்ல சொல்லலாமா டாக்டர்?" என்று கேட்டுப் பாருங்கள். பாதி பேர் சரி என்பார்கள், அல்லது தமிழ் தெரிந்த நர்ஸைக் கூப்பிடுவார்கள். டாக்டர் குண்டூர், கர்னூல் பக்கத்துக்காரராக இருந்து தமிழே தெரியாவிட்டால் நாலு தெலுங்கு வார்த்தை போதும். தீட்டுக்கு நெலசரி, கர்ப்பப்பைக்கு கர்ப்பசஞ்சி, வலிக்கு நொப்பி, எரிச்சலுக்கு மண்ட்ட. எண்ணும் நாளும் உங்களுக்குத் தெலுங்கில் ஏற்கெனவே வரும், கடையில் பேசுகிறீர்களே. தப்பாகப் பேசினாலும் பரவாயில்லை. உங்கள் உடம்பைப் பற்றி நீங்களே தப்பும் தவறுமாகப் பேசுவது, இன்னொருவர் சுத்தமாகப் பேசுவதைவிட எங்களுக்கு உபயோகமானது. மொழிபெயர்க்க மகனையோ மகளையோ அழைத்துப் போக வேண்டாம். பிள்ளை எதிரில் நீங்கள் இன்னும் அதிகமாக மறைப்பீர்கள்.

இனி கேள்விகள். நீங்கள் திரும்பப் போகும்போது ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். தாளைப் பார்த்துக் கேட்பதில் வெட்கம் வேண்டாம், எனக்கு அப்படிக் கேட்கும் நோயாளிகளைத்தான் பிடிக்கும். முதல் கேள்வி: இந்த ரத்தப்போக்குக்கு இந்தக் கட்டிதான் காரணமா? கட்டி கர்ப்பப்பையின் உள்பக்கம் இருந்தால் சின்னதாக இருந்தாலும் அதிகம் போகும். வெளிப்பக்கம் இருந்தால் பெரிதாக இருந்தும் ஒன்றும் செய்யாமல் இருக்கும். தைராய்டு கோளாறாலும் இப்படிப் போகலாம், அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை போதும். அந்தப் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். கர்ப்பப்பையின் உள்சவ்வு எத்தனை மில்லிமீட்டர், அதிலிருந்து திசு எடுத்துப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். கேன்சர் பயம் இருந்தால் முதலில் அந்தச் சோதனையைத்தான் செய்ய வேண்டும். சோதனை செய்யாமல் கேன்சர் என்ற வார்த்தையைச் சொல்லிப் பயமுறுத்துவதை என்னால் ஏற்க முடியாது.

அடுத்தது, ஆபரேஷனுக்கு முன்னால் வேறு என்ன வழி இருக்கிறது? தீட்டு நாட்களில் மட்டும் போடும் மாத்திரைகள் உண்டு, டிரானெக்ஸாமிக் ஆசிட் என்று பெயர். ரத்தப்போக்கைக் கணிசமாகக் குறைக்கும். ஹார்மோன் மாத்திரைகள் உண்டு. ஹார்மோன் உள்ள காப்பர் டி போன்ற சாதனம் ஒன்று இருக்கிறது, மிரீனா என்றால் டாக்டருக்குத் தெரியும். கர்ப்பப்பைக்குள் வைத்துவிட்டால் சில வருடம் வேலை செய்யும். எடுக்க வேண்டும் என்று வந்த பல பெண்களுக்கு இதை வைத்த பிறகு ஆபரேஷனே தேவைப்படவில்லை. எல்லோருக்கும் எல்லாம் பொருந்தாது. ஆனால் இவற்றில் ஒன்றையாவது முயற்சி செய்தோமா, இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேட்பது நியாயமான கேள்வி.

எடுப்பதுதான் வழி என்று சொன்னால், சினைப்பைகளையும் சேர்த்து எடுப்பீர்களா என்று கட்டாயம் கேளுங்கள். இதைப் பெண்கள் கேட்பதே இல்லை. கர்ப்பப்பையை மட்டும் எடுப்பது ஒன்று, சினைப்பையையும் எடுப்பது வேறொன்று. 39 வயதில் இரண்டு சினைப்பையும் போனால் மறுநாளே மாதவிடாய் நின்ற உடம்பாகிவிடும். உடல் எரிச்சல், தூக்கமின்மை, சீக்கிரமே எலும்பு தேய்வது, இதய நோய் ஆபத்து எல்லாம் கூடும். நல்ல நிலையில் உள்ள சினைப்பையை உங்கள் வயதில் எடுக்கத் தெளிவான காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை உங்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டியது டாக்டரின் கடமை.

சம்மதக் கையெழுத்து விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். டெல்லியில் 1995இல் ஒரு பெண்ணுக்கு உள்ளே என்ன என்று பார்க்கும் லேப்ராஸ்கோப்பிக்கு மட்டும் சம்மதம் வாங்கினார்கள். அவர் மயக்கத்தில் இருக்கும்போது, வெளியே இருந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிர் போகும் அவசரம் எதுவும் அப்போது இல்லை. அந்தப் பெண் வழக்குப் போட்டார். 2008இல் உச்ச நீதிமன்றம், வயது வந்த பெண்ணின் சம்மதத்தை அவரே கொடுக்க வேண்டும், அம்மா கொடுத்தது செல்லாது, பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் ஆபரேஷனுக்குக் கொடுத்ததாக ஆகாது என்று தீர்ப்புச் சொன்னது. கருத்தரிக்க முடியாமல் செய்யும் ஆபரேஷனுக்குக் கணவன் மனைவி இருவர் சம்மதமும் வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் விதியில் இருக்கிறது. அதனால் வீட்டுக்காரரையும் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். போடட்டும். அவர் கையெழுத்து உங்கள் கையெழுத்துக்கு ஈடாகாது. படிவம் ஆங்கிலத்திலோ தெலுங்கிலோ இருந்தால் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்லுங்கள். எதை எடுக்கப் போகிறார்கள் என்று அதில் எழுதியிருப்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று கேட்டிருக்கிறீர்கள். சிலர் கோபித்துக்கொள்வார்கள், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் "நீங்க சொன்னது தப்பு" என்று தொடங்காமல் "எனக்குச் சரியா புரியல டாக்டர், இன்னொரு தடவை சொல்றீங்களா?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் நிதானமாகச் சொல்வார்கள். சொன்னதை நீங்கள் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள்: "அப்போ மூணு மாசம் மாத்திரை சாப்பிட்டுட்டு வரணும், அப்படித்தானே?" எங்களுக்கும் அப்போதுதான் நாங்கள் சொன்னது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியும். இவ்வளவு மரியாதையாகக் கேட்டும் எரிந்து விழுகிறார் என்றால் வேறு டாக்டரைப் பாருங்கள். இரண்டாவது கருத்துக் கேட்பதும் முன்பு சொன்ன நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் உள்ள உரிமைதான். ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் தேதி வாரியாக வைத்திருங்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும் உங்கள் மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதும் அதே 2002 விதியில் இருக்கிறது. ஃபைல் கையில் இருந்தால் திருத்தணிக்கோ வேலூருக்கோ எங்கே போனாலும் மறுபடி எல்லாப் பரிசோதனைக்கும் செலவழிக்க வேண்டி வராது. ஆந்திர அரசின் இலவச மருத்துவ கார்டில் செலவு பார்ப்பதாக இருந்தால் எந்த ஆஸ்பத்திரியில் செல்லும் என்று அந்தத் திட்டத்தின் உதவி மையத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லையைத் தாண்டிப் போன பிறகு கேட்டால் கையை விரிப்பார்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது இது. அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து தேதியைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். "இன்னும் கொஞ்சம் கேள்வி இருக்கு, கேட்டுட்டு முடிவு பண்றோம்" என்றால் போதும். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் தவறாமல் சாப்பிடுங்கள், டீயோடு சாப்பிடாதீர்கள், எலுமிச்சைச் சாறோடு சாப்பிட்டால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். எழுதித் தரவில்லை என்றால் பக்கத்தில் உள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரிப்போர்ட்டைக் காட்டி வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கிடையில் மணிக்கு ஒரு பேடு நனைந்து, அது இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்தாலோ, எழுந்து நிற்கும்போது கண் இருட்டினாலோ, நெஞ்சு படபடத்தாலோ, தறியை நிறுத்திவிட்டு அன்றைக்கே 108ஐக் கூப்பிடுங்கள், ராத்திரியாக இருந்தாலும் சரி.